கறுப்பு ஆடு என்ன பாவம் செய்தது?

கட்சிக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் எதிரணிக்கு வேலை பார்த்தால் போதும், மறுநாள் செய்தியில் ‘கறுப்பு ஆடு’ வந்துவிடும். காவல் துறையில் கறுப்பு ஆடு, கூட்டுறவுச் சங்கத்தில் கறுப்பு ஆடு, வினாத்தாள் கசிந்தால் அங்கேயும் ஒரு கறுப்பு ஆடு. ஓமலூர், மேச்சேரி, தாரமங்கலம் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆட்டின் தரப்பில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எங்கள் சீமையின் வெள்ளாட்டு இனத்துக்குப் பெயரே ‘சேலம் கருப்பு’. (வெள்ளாடு எப்படிக் கருப்பாகும் என்று கேட்காதீர்கள், நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.) மத்திய அரசின் கால்நடை மரபணு வளப் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. உயரமாக, ஒல்லியாக, உச்சி முதல் குளம்பு வரை ஒரே கறுப்பாக இருக்கும். முனியப்பனுக்கும் கருப்பண்ணசாமிக்கும் நேர்ந்துகொண்டவர்கள் இதைத்தான் தேடி வருவார்கள். கருங்கெடாவுக்குச் சந்தையில் எப்போதும் ஒரு படி கூடுதல் விலை. வாங்குகிறவர் லேசில் காசை அவிழ்க்க மாட்டார். காதை மடக்கிப் பார்ப்பார், அடிவயிற்று மயிரை விரலால் பிரித்துப் பார்ப்பார். ஒரு பொட்டு வெள்ளை இருந்தாலும் சாமிக்கு ஆகாது. ஒரு வியாபாரி வயிற்றோரத்து வெள்ளைத் திட்டின் மேல் தலைச்சாயம் தடவி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வாங்க வந்த பெரியவர் கட்டைவிரலை எச்சிலில் தொட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தார். விரல் கறுத்தது. “ஏப்பா, சாமிக்கே டை அடிச்சு உடறயா?” என்றார். சந்தையே சிரித்தது. அங்கே குறை என்பது வெள்ளைதான்.

அப்படியானால் துரோகியான கறுப்பு ஆடு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து. அங்கே அந்தக் காலத்தில் செம்மறியை வளர்த்தது கம்பளிக்காக. வெள்ளைக் கம்பளியில் எந்தச் சாயமும் ஏறும், கறுப்பில் ஏறாது. அதனால் மந்தையில் ஒரு கறுப்புக் குட்டி பிறந்தால் அவ்வளவு நட்டம். மனிதத் தோலுக்கு அதில் சம்பந்தமில்லை. எங்கள் மேச்சேரிச் செம்மறிக்கோ கம்பளியே கிடையாது. பழுப்பு நிறத்தில் குட்டை மயிர், அவ்வளவுதான். இறைச்சிக்கும், தோல் பதனிடுகிறவர்கள் விரும்பி வாங்கும் தோலுக்கும் பேர்போனது. பொட்டனேரி ஆராய்ச்சி நிலையத்தில் மந்தையாகவே பார்க்கலாம். கம்பளி இல்லாத ஊரில் கம்பளிக்காரன் வசவை மட்டும் இறக்குமதி செய்து வைத்திருக்கிறோம்.

ஆங்கிலத்தின் கறுப்புச் சொற்களுக்காக வாதாடுகிறவர்கள் இந்தப் பிறப்புக் கதையைத்தான் முன்னால் வைப்பார்கள். ‘பிளாக்மெயில்’ என்பது ஸ்காட்லாந்து எல்லையில் கொள்ளைக் கூட்டத்துக்குக் குடியானவர்கள் அழுத கப்பம். நிறவெறி எங்கே வந்தது என்பார்கள். பிறப்பு அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் சொல் பிறந்த வீட்டிலேயே குடியிருப்பதில்லை.

2025 மார்ச்சில் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். அப்போதைய தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன். அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர் அவருடைய கணவர் வி.வேணு. கணவரின் பணிக்காலம் வெள்ளை, இவருடையது கறுப்பு என்று யாரோ ஒப்பிட்டதை அவரே முகநூலில் எழுதினார். சொன்னவர் நிர்வாகத்தைத்தான் சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். கேட்டவருக்கு அது தோலில் பட்டது. நான்கு வயதில், என்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தருவாயா என்று அம்மாவிடம் கேட்டவராம் அவர். ஒரு மாநில நிர்வாகத்தின் உச்சப் பதவிக்கு வந்த பிறகும் அந்தச் சொல் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது. அகராதியைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நம் பக்கம் நிலைமை இதைவிட வேடிக்கை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ‘கலர்ட்’ என்றால் கறுப்பர். சேலத்தில் “பொண்ணு நல்ல கலர்” என்றால் சிவப்பு. கறுப்பு ஒரு கலராகவே கணக்கில் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆடு வளர்ப்போர் பட்டியலில் பக்கத்துக்குப் பக்கம் கருப்பண்ணன், கருப்பாயி. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தப் பெயர் இல்லை. சாமிக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

என் தம்பி மகள் கணக்கு டீச்சர். அவளுக்கு வரன் பார்க்க ஒரு திருமணத் தகவல் மையத்துக்குப் போனேன். படிவத்தில் உயரம், நட்சத்திரம், சம்பளம், அடுத்து ‘நிறம்’. நான் ‘கறுப்பு’ என்றேன். உட்கார்ந்திருந்த பெண் என்னைக் கேட்காமலே ‘மாநிறம்’ என்று எழுதினார். “கறுப்புன்னு போட்டா போனே வராதுங்கய்யா” என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

சொல்லை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் 2020-ல் ‘பிளாக்லிஸ்ட்’, ‘ஒயிட்லிஸ்ட்’ என்ற சொற்களைக் கைவிட்டது. அதே ஆண்டில் இங்கே, 1975 முதல் விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. முதலாவதைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். நான் செய்ய மாட்டேன், யாருக்கும் அதில் நட்டமில்லை. இரண்டாவதில் களிம்பு அலமாரியிலேயே இருக்கிறது, பெயர்ப் பலகைதான் மாறியிருக்கிறது.

அதற்காக எல்லாக் கறுப்பையும் துடைக்கச் சொல்லவில்லை. ஆள் மேல் ஒட்டுகிற சொல்லா, இல்லையா என்று பார்த்தால் போதும். கறுப்புப் பணம் பணத்தோடு நிற்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். கறுப்புக் கொடி எதிர்க்கிறவன் தானே விரும்பி எடுப்பது. 1944-ல் இதே சேலத்து மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. கறுப்பைக் கொடியிலும் சட்டையிலும் ஏற்றுக்கொண்ட இயக்கம் அது. கறுப்பு ஆடு அப்படியில்லை. அது நேராக ஓர் ஆளைக் காட்டி, கறுப்பென்றால் கெட்டவன் என்று சொல்கிறது. அதே சொல்லைத்தான் அந்தத் தகவல் மையப் பெண் படிவத்தில் எழுதக் கூசினார். செய்தி எழுதுகிறவர்களுக்குச் சொல்லுக்கா பஞ்சம்? துரோகி, உள்ளடி வேலைக்காரர், கூட இருந்தே குழிபறிக்கிறவர் என்று வேண்டிய மட்டும் இருக்கிறது.

தகவல் மையக்காரர்களுக்கு இன்னும் சுலபம். முழு நீளப் போட்டோ கேட்டு வாங்கிப் படிவத்தில் ஒட்டுகிறார்கள் அல்லவா, அதற்கு மேல் ‘நிறம்’ என்று ஒரு கட்டம் எதற்கு?