வீட்டுக்கு வந்த தீவு

“பாம்பன் போலாம் சார், படகுல தீவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. டால்பின் பாக்கலாம்!” என்று ஆபீஸ் நண்பர் ஆசை காட்ட, ரெண்டு நாள் லீவைத் தியாகம் செய்தேன்.

குந்துகால் படகுத்துறையில் முதல் அடி. “பிளாஸ்டிக் எதுவும் தீவுக்கு வரக்கூடாது!” நண்பர் பையில் பாதி பெட்டிக்கடை இருந்தது. அத்தனை சிப்ஸையும் கரையிலேயே நின்று தின்று தீர்த்தார். படகு ஆட ஆரம்பித்ததும் வட்டியோடு கடலுக்குத் திருப்பித் தந்தார்.

குருசடைத் தீவு வந்தது. டால்பினும் இல்லை, கடல் பசுவும் இல்லை. தண்ணீருக்கடியில் பவளப்பாறை, இடுக்கில் கோடு போட்ட குட்டி மீன்கள்.

“இவ்வளவுதானா?” என்றார் நண்பர்.

படகுக்காரப் பெரியவர் சிரித்தார். “இதாச்சும் இருக்கே தம்பி! தூத்துக்குடி வரைக்கும் மொத்தம் 21 தீவு. பூவரசன்பட்டியோட சேர்த்து ரெண்டு இப்ப தண்ணிக்குள்ள. பாறையை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பினோம். அலையைத் தடுக்க ஆளில்லே, தீவு கரைஞ்சிடுச்சு.”

1986-லேயே இது தேசியப் பூங்கா. பவளத்தை வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் சேர்த்ததோ 2001-ல்தான்!

திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் எங்கள் தாத்தா வீட்டில் தங்கினோம். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து, விரல்கனம் ஏறிப்போன சுவர். சாய்ந்து உட்காரப் போனவன் சட்டென்று நிமிர்ந்துவிட்டேன்.

நாமதான் தீவைப் பார்க்கப் போனோம்னு நெனச்சா, எந்தத் தீவோ எனக்கு முன்னாடியே எங்க வீட்டுக்கு வந்து ஒட்டிக்கிட்டிருக்கு!