விரட்டும் முன் யாரென்று பாருங்கள்

பாகற்கொடியில் பிஞ்சு மஞ்சளாகி உதிரத் தொடங்கினால் நேராக மருந்துக் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. என்ன பயிர், எத்தனை டேங்க் என்று கடைக்காரர் கேட்கிறார். என்ன பூச்சி என்று அவரும் கேட்பதில்லை, நாமும் பார்த்துக்கொண்டு போவதில்லை. ஒரு பாட்டில் கைக்கு வருகிறது. அதை அடித்த பிறகும் பிஞ்சு உதிர்கிறது, அடுத்த வாரம் இன்னொரு பாட்டில். பிஞ்சைக் கெடுத்தது பழ ஈயின் புழுவாக இருந்தால் அது காய்க்குள்ளே பத்திரமாக இருக்கும். தோலின்மேல் விழுந்த மருந்து அதை எட்டுவதே இல்லை.

கால் ஏக்கர், அரை ஏக்கர் காய்கறி போடுபவரின் பயிர்ப் பாதுகாப்புச் செலவு பெரும்பாலும் இப்படித்தான் கரைகிறது. பொருளின் விலையைவிட, அதைத் தவறான இடத்தில் தவறான வேளையில் பயன்படுத்துவதுதான் பெரிய நஷ்டம். குறைந்த செலவில் பயிரைக் காக்க வேண்டுமென்றால் தின்பவர் யார், பயிரின் எந்தப் பருவத்தில் வருகிறார், எந்த இடத்தில் நம் கைக்கு எட்டுவார் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

பழ ஈயையே எடுத்துக்கொள்வோம். பாகல், புடலை, பீர்க்கு, சுரை என்று கொடிக்காய் எதையும் அது விடாது. இளம்பிஞ்சின் தோலுக்கடியில் முட்டை வைக்கும். வைத்த இடத்தில் ஊசிக்குத்து அளவு புள்ளியும் சில வேளை பிசின் துளியும் தெரியும். புழு சதையைத் தின்று வளர்ந்து, காய் அழுகி விழுந்ததும் வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். சில நாட்களில் அங்கிருந்து மறுபடி ஈயாகக் கிளம்பும். இந்தச் சுற்றில் அது நம் கைக்கு வசமாகக் கிடைப்பது காய் விழுந்து கிடக்கும்போதுதான். அந்தக் காயை நாம் வரப்போரம் வீசிவிடுகிறோம், அல்லது குப்பைக்குழியில் மேலாகப் போடுகிறோம். அது அடுத்த தலைமுறை ஈக்கு நாமே அடைகாத்துக் கொடுப்பதுபோல. அன்றன்று பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் போட்டாலும் உள்ளிருக்கும் புழு செத்துவிடும். கொடிக்கடியில் மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெயிலுக்கும் மைனாவுக்கும் இரையாகும். இதில் காசு எதுவும் இல்லை, குனிந்து நிமிரும் வேலை மட்டும்தான்.

அடுத்தது பொறி. பழைய தண்ணீர் பாட்டிலில் ஈ நுழையும் அளவுக்குத் துளையிட்டு, நனைத்த கருவாட்டை உள்ளே வைத்து, அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பந்தலில் தொங்கவிட்டால் கருவாட்டுப் பொறி தயார். பழைய கையேடுகள் இதில் டைக்குளோர்வாஸ் மருந்தைப் பஞ்சில் நனைத்து வைக்கச் சொல்லும். அந்த மருந்து 2020ஆம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

கடையில் வாங்கும் இனக்கவர்ச்சிப் பொறி பற்றிக் குழப்பம் அதிகம். மாம்பழ ஈக்கு வைப்பது மீதைல் யூஜினால். பாகல், புடலையைத் தாக்கும் ஈக்கு வேண்டியது கியூலூர். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வந்து, பொறியில் ஒன்றுமே விழவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சரியானதை வாங்கினாலும் அது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும், முட்டை வைக்கும் பெண் ஈ வராது. ஆகவே ஒற்றைப் பொறியைத் தொங்கவிட்டுக் காவல் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஈ வந்துவிட்டதா, கூடுகிறதா என்று அது காட்டும். ஆண் ஈக்களைப் பெருமளவில் பிடித்து இனத்தைக் குறைப்பது பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து வைக்கும்போதுதான் கைகூடும். வீட்டுத்தோட்டத்தில் நாலு கொடி மட்டும் வைத்திருப்பவருக்குப் பொறியே வேண்டாம். பூ கருவுற்றுப் பிஞ்சு பிடித்ததும் காகிதப் பையோ பழைய துணிப்பையோ மாட்டிவிட்டால் போதும். பூவாக இருக்கும்போதே மாட்டினால் தேனீ வர வழியின்றிப் பிஞ்சே பிடிக்காது.

கத்தரியின் தண்டு, காய்த்துளைப்பானும் இதே கணக்குத்தான். அந்துப்பூச்சி இரவில் முட்டையிடும். புழு பொரிந்து வந்த கொஞ்ச நேரத்தில் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும், அதன்பின் மருந்துக்கு வேலை இல்லை. ஆனால் அது காயைத் தொடுவதற்கு முன் பெரும்பாலும் குருத்தில்தான் தொடங்குகிறது. வாடித் தலைசாய்ந்த குருத்தை வாரம் ஒருமுறை புழு இருக்கும் இடத்துக்குக் கீழே கிள்ளி எடுத்து எரித்துவிட்டால், காய்க்க வரும் நேரத்தில் புழுவின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கும். பழைய கத்தரி மாரை அடுப்பெரிக்கத் தோட்டத்து ஓரத்தில் அடுக்கிவைக்கும் பழக்கமும் கெடுதல். அதிலிருந்துதான் புதிய நடவுக்கு அந்து பறந்து வருகிறது.

தக்காளியில் கதை வேறு. வெள்ளை ஈ சாற்றை உறிஞ்சுவதால் வரும் சேதத்தைவிட, அது பரப்பும் இலைச்சுருட்டு வைரஸால் வரும் சேதம் பெரிது. நாற்றங்காலிலேயே தொற்றிய செடி, நட்ட பிறகு எத்தனை தெளித்தாலும் மீளாது. ஒரு ஏக்கருக்கு வலை போட யாராலும் முடியாது. ஆனால் அந்த ஏக்கருக்கான நாற்றங்கால் சில பாத்திகள்தான், இருப்பதும் நாலு வாரத்துக்குள்தான். பணத்தை அங்கே போடுங்கள். மூங்கில் பிளாச்சை வளைத்து நட்டு, 40 அல்லது 50 மெஷ் பூச்சித்தடுப்பு வலையை மூடி, ஓரத்தை மண்ணால் அணைத்துவிடுங்கள். பழைய கொசுவலை குருவியையும் வண்டையும் தடுக்கும், வெள்ளை ஈ அதன் கண் வழியே நுழைந்துவிடும். மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவிப் பயிரின் உயரத்துக்குக் கட்டினால் மஞ்சள் ஒட்டும் பொறி. இதுவும் முதலில் வேவு பார்க்கும் கருவிதான்.

தக்காளிக் காய்ப்புழுவுக்குப் பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன ஒரு வழி இன்றும் செல்லுபடியாகும். 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசைத் துலுக்கச்சாமந்தி. தக்காளி நாற்றைவிட வயதில் மூத்த சாமந்தி நாற்றாகப் பார்த்து நடவேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். அந்து சாமந்திப் பூவைத் தேடிப் போய் முட்டை வைக்கும். பூவைப் பறித்து விற்கவும் செய்யலாம்.

பறவைக்கு வருவோம். மைனாவை நாம் எந்தக் கணக்கில் வைப்பது? செடி வளரும் பருவத்தில் புழு பொறுக்கித் தின்பது அதுதான், தக்காளி சிவந்ததும் கொத்துவதும் அதுதான். கரிச்சானைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம், அதன் உணவு பூச்சிதான். தவிட்டுக்குருவியும் பெரும்பாலும் பூச்சிதான் பொறுக்கும். ஆகவே குச்சிகளை டி வடிவில் கட்டிப் பயிரைவிட ஓரிரு அடி உயரமாக அங்கங்கே நட்டால் கரிச்சான் வந்து உட்காரும், புழுவும் அந்தும் குறையும். இதைத்தான் பறவைத் தாங்கி என்கிறார்கள். காய் பழுக்கத் தொடங்கியதும் அந்தக் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பழத்தைக் கொத்தும் மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் மிக மலிவான மருந்து அறுவடைதான். தக்காளி பச்சை மாறி நிறம் திரும்பும்போதே பறித்தால் வீட்டுக்குள் நன்றாகப் பழுக்கும். செக்கச்செவேல் என்று ஆகும்வரை செடியில் விட்டுவிட்டுக் குருவியை வைவதில் நியாயம் இல்லை. விதைத்த பாத்தியில் புறாவும் மயிலும் பொறுக்குவது முளை வந்து நிலைக்கும்வரைதான். அந்தச் சில நாளைக்குத் தென்னை ஓலையோ முள்ளோ பரப்பினால் போதும்.

மின்னும் நாடா, பழைய சிடி, சோளக்கொல்லை பொம்மை எல்லாம் வேலை செய்யும், கொஞ்ச நாளைக்கு. ஆபத்தில்லை என்று பறவை கண்டுகொண்டதும் பொம்மையின் தலையிலேயே காகம் உட்காரும். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிய வள்ளி கதிர் முற்றும் பருவத்துக்குத்தான் காவலிருந்தாள், அங்கே ஆளும் குரலும் அசைந்துகொண்டே இருந்தன. நாடாவையும் அப்படித்தான் நடத்த வேண்டும். காய் பழுக்கும் வாரத்தில் கட்டுங்கள், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும்படி ஓரிரு முறுக்குப் போட்டுக் கட்டுங்கள், சில நாளுக்கொருமுறை இடம் மாற்றுங்கள், பறிப்பு முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். ஆண்டு முழுக்கத் தொங்கும் நாடா தோட்டத்துக்கு அலங்காரம் மட்டுமே.

மயில் இன்று பல மாவட்டங்களில் பெரிய தலைவலி, அதை மறுப்பதற்கில்லை. பழைய சேலை வேலி ஓரளவு தடுக்கிறது. தரையோடு ஒட்டி, இடைவெளியில்லாமல் கட்டினால்தான். விஷம் கலந்த தானியம் வைப்பது மட்டும் கூடவே கூடாது. மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் சிறை. கோழியும் நாயும் அதே தானியத்தைத் தின்னும் என்பது தனி. மீன்வலையைத் தொளதொளவென்று போர்த்துவதும் சரியில்லை, பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும். இழுத்துக் கட்டிய சிறுகண் வலையே நல்லது.

கடைசியாகத் தெளிப்பு. கையால் பொறுக்கி, பொறி வைத்து, வலை போட்ட பிறகும் தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பு. இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, பால்போல வரும்வரை பிழிந்து, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். அடித்த மறுநாளே புழு உயிரோடிருக்கிறது என்று கைவிட்டுவிடுகிறார்கள். வேம்பு உடனே கொல்லும் நஞ்சு அல்ல, புழுவைத் தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்வது. இலையில் புதுக்கடி குறைகிறதா என்று பாருங்கள். இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்றும் எண்ண வேண்டாம், புகையிலைக் கரைசல் நமக்கும் நஞ்சு. அவரையில் அசுவினி மேல் கருப்பும் ஆரஞ்சுமாய் ஊரும் அருவருப்பான புழுவை நசுக்கிவிடாதீர்கள். பொறிவண்டின் குஞ்சு அது, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது.

வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிரும். சதையைக் கழுவி நீக்கி, நிழலில் நன்றாக உலர்த்தி, சாக்கிலோ கூடையிலோ காற்றுப்பட வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று மாதம் கழித்து எடுக்கலாம், எட்டு மாதத்துக்குமேல் போனால் வீரியம் குறையும். சாலையோர மரத்தடியில் அது சும்மா கிடக்கும்போதே பொறுக்கி வைத்துவிடுங்கள்.