காற்றுக்கு 2020, தண்ணீருக்கு 2008

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 எரிபொருள் விற்பனைக்கு வந்தது. டீசலில் கந்தகத்தின் உச்சவரம்பு 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆக இறங்கியது. காற்றுக்கு நல்லதுதான். ஆனால், அந்தக் கந்தகத்தைப் பிரித்தெடுப்பவை கோபால்ட், நிக்கல், மாலிப்டினம் பூசிய அலுமினா வினையூக்கிகள். மணலி முதல் பானிப்பட் வரையுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில், அவை இல்லாமல் இன்று டீசல் இல்லை.

தேய்ந்துபோன வினையூக்கியில் பெரும்பகுதி திடக்கழிவாகவே வெளியேறுகிறது. அதை எடைபோட்டுக் கணக்கு வைத்துவிடலாம். தண்ணீரில் இறங்குவதுதான் தொல்லை. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை நீக்கும் மெராக்ஸ் அலகில் கோபால்ட் சேர்மம் காஸ்டிக் சோடாவில் கலந்தே வேலை செய்வதுண்டு. அந்தக் காஸ்டிக் கழிவாகும்போது சல்பைடும் பீனாலும் உடன் வருகின்றன. கனரக எண்ணெயைப் பிளக்கும் அலகின் வினையூக்கித் தூளில், கச்சா எண்ணெயிலிருந்து வந்த வனேடியமும் நிக்கலும் படிந்திருக்கும். புகையை நீரால் கழுவும் ஆலைகளில் அதுவும் கழிவுநீரில் சேரும்.

சுத்திகரிப்பு ஆலைகளுக்கென 2008இல் மத்திய அரசு அறிவித்த கழிவுநீர்த் தரநிலை, லிட்டருக்கு நிக்கல் 1 மில்லிகிராம், வனேடியம் 0.2 மில்லிகிராம் என வரம்பு கட்டுகிறது. கோபால்ட், மாலிப்டினம் அந்தப் பட்டியலில் இல்லை. கேட்காத ஒன்றை எந்த ஆலை தானாக அளந்து காட்டும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய்ப் படலம் எல்லோர் கண்ணிலும் பட்டது. கரைந்த உலோகம் அப்படிப் படாது.

இதற்குத் தீர்வாக ஆய்வாளர்கள் அடிக்கடி சொல்வது பரப்புக் கவர்தல். கழிவுநீரை நுண்துளைப் பொருள் வழியே செலுத்தினால் அதன் பரப்பில் மாசு ஒட்டிக்கொள்ளும். நம்பகமான முறைதான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே பொருள் பிடிக்காது. பீனாலுக்குக் கிளர்வூட்டிய கரி போதும். வனேடியமும் மாலிப்டினமும் நீரில் பெரும்பாலும் எதிர்மின் அயனிகளாகத் திரிவதால், அவற்றுக்கு இரும்பு ஆக்சைடு பொருந்தும். அதுவும் நீரின் காரத்தன்மை ஏறினால் கைவிட்டுவிடும். கோபால்ட், நிக்கல் பொதுவாக நேர்மின் அயனிகள். அவற்றுக்குச் சியோலைட்டோ அயனிப் பரிமாற்றப் பிசினோ வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஒரே உப்பைக் கரைத்துப் பெற்ற தொண்ணூற்றுச் சொச்சம் விழுக்காடு நீக்கத்தை ஆய்விதழில் படிக்க நன்றாக இருக்கும். ஆலை நீரிலோ எண்ணெயும் உப்பும் அதே இடத்துக்குப் போட்டியிடும். ஆகவே எண்ணெய் நீக்கம், உயிரியல் சுத்திகரிப்பு எல்லாம் முடிந்தபின் கடைசிக் கட்டமாகத்தான் இதை வைக்க வேண்டும்.

மாசு நிறைந்துவிட்ட நுண்துளைப் பொருள் படுகையை என்ன செய்வது? குழியில் புதைத்தால் மாசு இடம் மாறியது, அவ்வளவே. காரக் கரைசலால் கழுவினால் வனேடியத்தையும் மாலிப்டினத்தையும் செறிவாகத் திரும்பப் பெறலாம். கோபால்ட், நிக்கலுக்கு அமிலக் கழுவல். இந்த நான்கு உலோகங்களும் 2023இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இருக்கின்றன என்பது வேடிக்கை. சுரங்க அமைச்சகம் தேடும் இந்த நான்கில் கோபால்ட்டையும் மாலிப்டினத்தையும் சுற்றுச்சூழல் அமைச்சகம் அளக்கச் சொல்லவில்லை.

தில்லி அந்தத் தரநிலையைத் திருத்தும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மத்திய தரநிலையைவிடக் கடுமையான வரம்பை விதிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு இடமளிக்கின்றன. ஆலையின் இயக்க இசைவாணையைப் புதுப்பிக்கும்போது கோபால்ட், மாலிப்டின வரம்புகளையும், நிறைந்த படுகை போய்ச் சேரும் இடத்தையும் வாரியமே அதில் எழுதிவிடலாம்.