வாங்கியவர் மனம் மாறினால் விற்றவர் ஏன் அழ வேண்டும்?

'சிஸ், புடவை நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப வேண்டாம்னு தோணுது. ரிட்டர்ன் எடுத்துக்கோங்க.'

வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் புடவை, சுடிதார், கம்மல் என்று விற்றுக் கொண்டிருக்கும் பெண்களுக்கு இந்தச் செய்தி புதிதல்ல. புடவை கிழியவில்லை. கறை இல்லை. கேட்ட நிறம்தான் வந்திருக்கிறது. வாங்கியவருக்கு மனம் மாறிவிட்டது, அவ்வளவுதான். முடியாது என்று பதில் போட்டால் அடுத்த வரி தயாராக வரும்: 'ஆன்லைன் கம்பெனிக்காரங்க எல்லாம் எடுத்துக்கறாங்க, நீங்க மட்டும் ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க? ஃப்ராடா?'

கறாராகவே பதில் சொல்லலாம். மனம் மாறியதற்காகப் பொருளைத் திரும்ப எடுக்க வேண்டிய கடமை சின்ன வியாபாரிக்கு இல்லை. சட்டப்படியும் இல்லை, நியாயப்படியும் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'ரிட்டர்ன்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஓட்டைப் புடவை வந்தது, பச்சை கேட்டால் நீலம் வந்தது, பட்டு என்று சொல்லி பாலியெஸ்டர் வந்தது - இதெல்லாம் விற்றவர் தவறு. நல்ல புடவை வந்தும் பிடிக்காமல் போனது விற்றவர் தவறல்ல. இந்தியச் சட்டம் இந்த இரண்டையும் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 என்ன சொல்கிறது? பொருளில் குறை இருந்தால், போலியாக இருந்தால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டால், சொன்ன தேதிக்குப் பின் தாமதமாக வந்தால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் 'வாங்கியவருக்கு மனம் மாறினால்' என்று ஒரு வரி இல்லை.

அடுத்து கணக்கு. ஒரு சின்ன ரீசெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். இளம்பிள்ளையிலோ சின்னாளபட்டியிலோ ஒரு புடவையை 1,000 ரூபாய்க்கு வாங்கி, கூரியர் உட்பட 1,200 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரியருக்கு 80, கவர், டேப் வகையறாவுக்கு 20. கையில் நிற்பது 100 ரூபாய். அந்தப் புடவை திரும்பி வந்தால்? 1,200 ரூபாயையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அனுப்பிய செலவு 100 போயிற்று. திரும்பி வரும் கூரியர் 80. ஆக 180 ரூபாய் நஷ்டம்.

பத்துப் புடவை அனுப்பி மூன்று திரும்பினால் என்ன ஆகும்? ஏழில் 700 லாபம், மூன்றில் 540 நஷ்டம், மிச்சம் 160 ரூபாய். நாலு திரும்பினால் 120 ரூபாய் கைக்காசு போகும். அதாவது பத்துப் பேரில் ஒரே ஒருவர் கூடுதலாக மனம் மாறினாலே வியாபாரம் லாபத்திலிருந்து நஷ்டத்துக்குப் போய்விடுகிறது! இதிலும் திரும்பி வந்த புடவை அப்படியே மறுபடி விற்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மடிப்புக் கலைந்த புடவையைப் புதுசு என்று விற்க முடியாது. பிக்கோ அடித்து ஃபால்ஸ் தைத்து விட்டால் கேட்கவே வேண்டாம். தீபாவளிக்கு முன்பு போய், தீபாவளிக்குப் பின்பு திரும்பி வரும் புடவை அடுத்த பண்டிகை வரை பீரோவில் தூங்கும். அதில் முடங்கிய 1,000 ரூபாயில்தான் அவர் அடுத்த சரக்கை எடுத்திருப்பார்.

பெரிய நிறுவனங்கள் செய்கிறார்களே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் அதை இலவசமாகச் செய்யவில்லை. திரும்ப வருவதற்கான செலவு எங்கோ ஒரு விலையில் ஏறித்தான் இருக்கிறது. மீஷோவில் இது கண்ணுக்கே தெரியும்படி வந்தது: ஒரே பொருளுக்கு, எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை, குறை இருந்தால் மட்டும் திருப்பலாம் என்றால் அதைவிடக் குறைந்த விலை. மனம் மாறும் உரிமைக்கு ஒரு விலை உண்டு என்று பெரிய கம்பெனியே ஒப்புக்கொள்கிறது. அதை வீட்டிலிருந்து விற்கும் ஒரு அக்கா தன் 100 ரூபாய் லாபத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? விலையை ஏற்றிச் சமாளிக்கலாம்தான். அப்போது ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பாதவர், பத்து முறை திருப்பி அனுப்புகிறவருக்காகக் காசு கொடுக்கிறார்.

எதிர்த் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. கடையில் புடவையைத் தொட்டுப் பார்க்கலாம், தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கலாம். போனில் அது முடியாது. ஆகவே கையில் வந்த பிறகு முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. 2011-ல் வந்த அதன் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். சீனாவிலும் 2014 முதல் 7 நாள் அவகாசம் உண்டு.

ஆனால் ஐரோப்பாவை மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே சட்டத்தில், விற்பவர் தானாக ஏற்றுக்கொண்டாலொழிய, திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது. பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையான அளவைத் தாண்டிப் பொருளைப் பயன்படுத்தி மதிப்பைக் குறைத்தால் அதற்கும் வாங்கியவரே பொறுப்பு. அளவு சொல்லித் தைத்த பொருளுக்கு இந்த உரிமையே கிடையாது. கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு மறுநாள் பெர்ஃப்யூம் வாசனையோடு திருப்பி அனுப்பும் சுதந்திரத்தை ஐரோப்பாவும் கொடுக்கவில்லை :-)

தொட்டுப் பார்க்க முடியாத குறைக்கு மருந்தை விற்ற பிறகு தேடுவது தவறு. விற்பதற்கு முன்னால்தான் கொடுக்க வேண்டும். ஜவுளிக்கடையில் ஒரு புடவை வாங்க ஐம்பது புடவையைப் பிரித்துப் போடுவார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. பில் போட்ட பிறகுதான் 'மாற்றிக் கொள்ளலாம், பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்ற கறார். ஆன்லைனிலும் அதுவே நடக்கட்டும். வெயில் வெளிச்சத்தில் எடுத்த படம், துணியின் பெயர், நீளம், பிளவுஸ் துணி உண்டா இல்லையா, கேட்டால் ஒரு வீடியோ கால். கூரியரில் கொடுப்பதற்கு முன் வேண்டாம் என்று சொன்னால் சண்டை போடாமல் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. இதைச் செய்துவிட்ட வியாபாரியிடம் அதற்கு மேல் கேட்பது பேராசை.

இதைச் செய்யாமல் 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரீஃபண்ட்' என்று மட்டும் ஸ்டேட்டஸ் போடுகிற வியாபாரிகளும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு வக்காலத்து அல்ல. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கால அவகாசம் எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. 'வாட்ஸப்பில்தானே விற்கிறோம், எங்களுக்கு என்ன சட்டம்?' என்பதும் செல்லாது. எப்போதோ ஒருமுறை தனிப்பட்ட முறையில் விற்பவருக்குத்தான் மின்வணிக விதிகளில் விலக்கு. தொடர்ந்து வியாபாரமாகச் செய்பவருக்கு இல்லை. அன்பாக்ஸிங் வீடியோ கேட்பதில் தவறில்லை, ஏமாற்றுகிறவர்கள் வாங்குபவர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் வீடியோ எடுக்க மறந்துவிட்டார் என்பதற்காகக் கிழிந்த புடவை கிழியாத புடவை ஆகிவிடாது. அப்படி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்க வாங்கியவருக்கு முழு உரிமை உண்டு.

மனம் மாறினாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வியாபாரி தானாக முன்வந்தால் நல்லது. வாடிக்கையாளர் பெருகலாம், லாபம் இருந்தால் செய்யட்டும். அது அவர் கொடுக்கும் சலுகை. சலுகையை உரிமை என்று நினைத்து, கொடுக்காதவரை 'ஃப்ராடு' என்று குரூப்பில் போட்டுப் பேர் கெடுப்பதுதான் அநியாயம். 100 ரூபாய் லாபத்தில் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பேர் ஒன்றுதான் முதல்.

திரும்பி வந்தால் எடுப்பீர்களா, கூரியர் செலவு யாருடையது என்று பணம் அனுப்பும் முன்பே கேட்கலாம். அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2020 விதிகளே விற்பவரிடம் கேட்கின்றன. பதில் பிடிக்கவில்லையா? வாங்காதீர்கள். மனம் மாறுவதற்குச் செலவே இல்லாத நேரம் அதுதான்.