டீசல் போகட்டும், லாரிக்காரரைப் பலி கேட்காதீர்கள்!



திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பக்கம் குடியிருக்கும் தோழர்களுக்கு டீசல் புகையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை அவர்கள் பிறந்ததில் இருந்து பார்க்கிறார்கள். காலையில் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியைச் சாயங்காலம் எடுத்தால் அது வெள்ளையாக இருக்காது. துணிக்கே இந்தக் கதி என்றால் அந்தத் தெருவில் மூச்சு விடும் குழந்தையின் நுரையீரல் என்னவாகும்?

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதி செய்துவிட்டது. "உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் இருந்ததை, "உண்டாக்கும்" என்ற முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள். வரிசையில் பல மணி நேரம் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் டிரைவர்தான் அந்தப் புகையை முதலில் குடிக்கிறார். அதனால் சில நண்பர்கள் நினைப்பது போல இது லாரிக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் நடக்கிற சண்டை இல்லை. இரண்டு பேரும் ஒரே புகைக்குள்தான் நிற்கிறோம்.

எனவே நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சரக்கு லாரி, டிப்பர், துறைமுக டிரெய்லர், குவாரி இயந்திரம் எல்லாம் டீசலில் இருந்து மின்சாரத்துக்கு மாற வேண்டும். இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த மாற்றத்துக்கு யார் காசு கட்டப் போகிறார்கள், மாறிய பிறகு வண்டி யார் பெயரில் இருக்கும் என்பதுதான் நம் கேள்வி. அதைக் கேட்டால் மட்டும் டெல்லியில் இருந்தும் பதில் வருவதில்லை, கோட்டையில் இருந்தும் வருவதில்லை.

அதற்கு முன்னால் டீக்கடையில் கேட்கிற ஒரு பேச்சு. "எலெக்ட்ரிக் லாரியா? லோடு ஏத்துனா மேட்டுல நின்னுடும்பா!"

நிற்காது. சென்னையில் மின்சார டிராம் 1895-ல் ஓடியது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் 1931-ல் வந்தது. இன்று ஆயிரக்கணக்கான டன் சரக்கை இழுப்பது மின்சார ரயில் இன்ஜின்தான். கனரக இயந்திரம் வேண்டுமா, நெய்வேலிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு தெரு அகலத்துக்கு நிற்கிற ராட்சத வாளிச் சக்கர இயந்திரங்கள் பல பத்து ஆண்டுகளாகக் கேபிளை இழுத்துக்கொண்டு மின்சாரத்தில்தான் மண்ணைத் தோண்டுகின்றன. தோண்டிய மண்ணைத் தூக்கிப் போகும் கன்வேயர் பெல்ட்டும் மின்சாரம்தான். அந்த இயந்திரத்துக்கு நிலம் கொடுத்த மக்களின் கதை வேறு. அதை இன்னொரு நாள் பேசுவோம். "கனமான வேலைக்கு மின்சாரம் ஆகாது" என்ற பேச்சு நம் ஊரிலேயே பொய்த்துப் போய் இரண்டு தலைமுறை ஆகிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

சீனாவில் 2024-ல் மட்டும் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய எரிசக்தி கனரக லாரிகள் விற்றிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பேட்டரி வண்டிகள். ஷென்ஜென் நகரம் 16 ஆயிரம் பேருந்துகளையும் 2017-க்குள் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. இங்கேயும் எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட் 55 டன் மின்சார டிராக்டர் வண்டியைத் தயாரித்து விற்கிறது. ஆக, வண்டி இருக்கிறது. அதை வாங்கக் காசு உள்ளவர் யார் என்பதில்தான் சிக்கல்.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா? துறைமுகத்தில் இருந்து கன்டெய்னர் கிடங்குக்கு ஓடும் ஒரு டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால் 34 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் ஏறக்குறைய 3,150 ரூபாய். அதே ஓட்டத்துக்கு மின்சார வண்டி கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் எடுத்தால் 180 யூனிட். யூனிட் 10 ரூபாய்க்குக் கிடைத்தால் 1,800 ரூபாய். நாளைக்கு 1,350 ரூபாய் மிச்சம். மாதம் 25 நாள் ஓட்டம் என்றால் 33 ஆயிரம் சொச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது வண்டி விலைக்கு வாங்க. டீசல் டிராக்டர் வண்டி 40, 45 லட்சம் என்றால் மின்சார வண்டி ஒரு கோடியைத் தாண்டுகிறது. வித்தியாசம் 70 லட்சம் என்றே வையுங்கள். ஐந்து வருடக் கடன், 11 சதவீத வட்டி. அந்த வித்தியாசத்துக்கு மட்டும் மாதத் தவணை ஒன்றரை லட்சம் வருகிறது. மிச்சம் 33 ஆயிரம், தவணை ஒன்றரை லட்சம். இந்தக் கணக்கைப் போட எம்.பி.ஏ. படிக்க வேண்டாம், சங்ககிரியில் எந்த லாரி ஓனரைக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஒன்றிய அரசு இதற்கு என்ன செய்திருக்கிறது? 2015-ல் வந்த ஃபேம் திட்டமும் சரி, 2019-ல் வந்த அதன் இரண்டாம் கட்டமும் சரி, கனரக லாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2024-ல் பி.எம். இ-டிரைவ் வந்தது. மொத்தம் 10,900 கோடி ரூபாய். அதில் லாரிக்கு 500 கோடி. நாடு முழுவதற்கும் ஏறக்குறைய 5,600 வண்டிகள். ஒரு வண்டிக்கு அதிகபட்ச மானியம் 9.6 லட்சம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிகளை மட்டும் எண்ணினாலே 5,600 எந்த மூலைக்கு? வாகனங்களில் 3 சதவீதமே இருக்கும் டீசல் லாரிகள்தான் போக்குவரத்துத் துறையின் பசுமை இல்ல வாயுவில் 42 சதவீதத்தை வெளியிடுகின்றன என்று அந்தத் திட்டத்தை அறிவித்தபோது ஒன்றிய அரசே சொன்னது. 42 சதவீத நோய்க்கு, பணத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவான மருந்து!

அதைவிட மோசம் அந்த மானியத்தின் நிபந்தனை. பழைய டீசல் லாரியை உடைத்துப் போட்டதற்கான சான்றிதழ் கொடுத்தால்தான் பணம். நூறு லாரி வைத்திருப்பவர் பத்தை உடைப்பார், அவர் தொழில் நிற்காது. சான்றிதழை வெளியில் இருந்து விலைக்கு வாங்கியும் அவரால் கொடுக்க முடியும். ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர்? மனைவி நகையை அடகு வைத்து, பத்து வருடம் தவணை கட்டி, இப்போதுதான் ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ்காரர் பெயரை நீக்கியிருக்கிறார். அந்த வண்டியை உடைத்துவிட்டு வா, ஒரு கோடி வண்டிக்கு 9.6 லட்சம் தருகிறேன் என்றால் அவர் காதில் அது உதவியாகவா விழும்?

டீசல் மூலம் அரசு எவ்வளவு எடுத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2014-ல் ஒரு லிட்டர் டீசலுக்கு ஒன்றியக் கலால் வரி 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதம், கச்சா எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போயிருந்த நேரத்தில், அது 31 ரூபாய் 83 காசு. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றினார்கள். ஊரடங்கில் காய்கறியும் அரிசியும் மருந்தும் ஏற்றி ஓடிய லாரிக்காரரின் டேங்கில் இருந்து எடுத்த பணம் அது. அதில் இருந்து ஒரு பங்கை அவர் வண்டியை மாற்றிக்கொள்ளத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால் அது பிச்சை கேட்பதா? மாநில அரசும் டீசலுக்கு வாட் வசூலிக்கிறது. அதனால் கோட்டையில் இருப்பவர்கள் டெல்லியைக் கை காட்டிவிட்டு நழுவ முடியாது.

இப்படியே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு முன்னோட்டம் சென்னையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. நல்ல பேருந்துகள், சத்தமில்லை, புகையில்லை, தாழ்தளம். சக்கர நாற்காலியோடு ஏறலாம். அதை மனதார வரவேற்கிறோம். ஆனால் பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது இல்லை. ஒப்பந்தத் தனியார் நிறுவனம் வண்டியும் டிரைவரும் கொடுக்கும், கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கட்டும். டீசல் போன அதே கதவு வழியாக அரசு வேலையும் போனது. நாளை துறைமுக டிரெய்லருக்கும் இதே கதைதான்: நான்கைந்து பெரிய நிறுவனங்கள் மின்சார வண்டிகளை மொத்தமாக வாங்கும், இன்று சொந்த வண்டி ஓட்டுகிறவர் அங்கே தினக்கூலி டிரைவராகப் போய் நிற்பார். காற்று சுத்தமாகும், அவர் பை காலியாகும்.

வழி இல்லாமல் இல்லை, தோழர்களே. முதலில் அந்த வரிசையை ஒழிக்க வேண்டும். டீசல் வண்டி வரிசையில் நின்றால் டீசல் வீண். மின்சார வண்டி வரிசையில் நின்றால் தவணை வீண். அது இன்னும் கொடுமை. மேலே போட்ட கணக்கிலேயே, அந்த வண்டி நாளைக்கு 120-க்குப் பதில் 400 கிலோமீட்டர் இரண்டு டிரைவரோடு ஓடினால் மிச்சம் மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. ஓட விட்டால்தானே மிச்சம்? துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலத்துக்கு 2009-ல் அடிக்கல் நட்டார்கள், 2022-ல் மறுபடி அடிக்கல் நட்டார்கள். கல்லைத் தவிர எல்லாமே தாமதம்!

அடுத்தது பேட்டரி. வண்டி விலையில் பெரும் பங்கு அதுதான். பேட்டரி இல்லாமல் மின்சார வண்டியை விற்கலாம், பதிவு செய்யலாம் என்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகமே 2020 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. அப்படியென்றால் மணலியிலும் மாதவரத்திலும் அரசே பேட்டரி மாற்று நிலையம் வைக்கட்டும். லாரிக்காரர் வண்டியை மட்டும் வாங்குவார், பேட்டரி பொதுச் சொத்தாக இருக்கும், ஓடின கிலோமீட்டருக்கு வாடகை கட்டுவார். சீனாவில் கனரக லாரிக்கு ஐந்தாறு நிமிடத்தில் பேட்டரி மாற்றுகிறார்கள். இங்கே என்ன தடை தெரியுமா? வண்டியோடு சேர்த்து வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18. மாறச் சொல்லுவதும் அவர்கள், காலை வாருவதும் அவர்கள்!

எல்லா வண்டியும் நாளைக்கே மாறிவிடும் என்று நாம் கதை விடவில்லை. இங்கே விற்கும் 55 டன் வண்டி ஒரு சார்ஜில் 200 கிலோமீட்டருக்குள்தான் ஓடுகிறது. நாமக்கல்லில் இருந்து கொல்கத்தாவுக்கு முட்டை ஏற்றிப் போகிறவரிடம் அதைக் கொடுத்தால் அவர் பாதை முழுக்கப் பிளக்கைத் தேடிக்கொண்டே போக வேண்டியதுதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டி இன்னும் கஷ்டம். காட்டுக்குள் போய் ஆயிரம் அடி துளை போடும் கம்பிரசருக்கு அங்கே மின்சாரம் கொடுப்பது யார்? குவாரியிலும் இடத்துக்கு இடம் மாறும். ஸ்விட்சர்லாந்தில் ஒரு சுண்ணாம்புக் குவாரியில் மின்சார டம்பர் காலியாக மலை ஏறி, லோடோடு இறங்கும்போது பிரேக்கிலேயே பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. நம்ம ஊர்க் குவாரிகள் பெரும்பாலும் பள்ளம். லோடோடு ஏற வேண்டும். அந்த வித்தை இங்கே பலிக்காது, கேபிளோ பெல்ட்டோதான் சரி. அதனால் துறைமுகம், சிமென்ட் ஆலை, குப்பை லாரி, நகரச் சரக்கு வண்டி என்று குறைந்த தூரம் ஓடுபவற்றில் தொடங்க வேண்டும். நெடுந்தூர வண்டிக்கும் ரிக்குக்கும் மாற்று வரும் வரை அவர்கள் மீது தடை, அபராதம், கூடுதல் கட்டணம் என்று பாயக் கூடாது. டெல்லியில் 2025 ஜூலையில் பழைய வண்டிக்கு எரிபொருள் கிடையாது என்று அறிவித்துவிட்டு, சில நாட்களிலேயே பின்வாங்கினார்களே, அந்தக் கூத்து இங்கே வேண்டாம்.

"மின்சாரமும் நிலக்கரியில்தானே வருது?" என்று கமென்ட்டில் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழியிலும் உடுமலையிலும் சுழலும் மின்சாரத்தை முழுதாக எடுத்துக்கொள்ள முடியாமல் சில நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். இரவில் நிற்கும் லாரிக்கு அந்தக் காற்று மின்சாரத்தைக் குறைந்த விலையில் கொடுக்கலாமே! கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வாங்கும் நாட்டுக்கு இதில் லாபமா, நட்டமா?

டீசல் பம்ப், நாசில், இன்ஜின் வேலை பார்க்கும் மெக்கானிக் தோழர்களையும் மறக்கவில்லை. மின்சார வண்டியில் அந்த வேலைகள் இருக்காது. ஆனால் மோட்டார் கட்டுவது கோவைக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தையா? ஐ.டி.ஐ.-யில் மாலை வகுப்பு, படிக்கிற நாட்களுக்கு ஊதியம், பட்டறை மாற்ற வட்டியில்லாக் கடன். வண்டிக்கு மானியம் அறிவிக்கும் அதே அரசாணையில் இதுவும் இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள்.

லாரி ஓனர்கள், டிரைவர்கள், கிளீனர்கள், பட்டறைத் தோழர்கள், வடசென்னை அம்மாக்கள் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாதத் தவணை எவ்வளவு, டீசல் செலவு எவ்வளவு, துறைமுக வரிசையில் போன வாரம் எத்தனை மணி நேரம் நின்றீர்கள், வீட்டில் யாருக்கு மூச்சுத் திணறல் என்று கீழே எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். ஒன்றியக் கனரகத் தொழில் அமைச்சகத்துக்கும் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும் நாம் கொடுக்கப் போகும் மனுவில் அந்தக் கணக்குகளை அப்படியே இணைக்கிறோம்.