ஜன்னல் வியர்க்கிறதா? சின்ன மெஷின் போதுமா?

‘குன்னூரில் இருக்கிறோம். மழை நாள்களில் காலையில் எழுந்தால் படுக்கையறை ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிகிறது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. 4 வயதுப் பேத்தி அந்த அறையில் படுத்தால் இரவெல்லாம் இருமுகிறாள். ஆன்லைனில் சின்னதாக ஒரு டீஹியூமிடிஃபையர் பார்த்தேன். வாங்கலாமா?’ - ஒரு வாசகியின் கேள்வி இது.

வாங்கலாம். ஆனால், அதற்கு முன்பு சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் காசு போகும், பூஞ்சை போகாது.

வியர்வையா, ஓதமா?

முதலில் சுவரில் இருக்கும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சமையலறையில் இருக்கும் அலுமினியம் ஃபாயிலில் ஓர் அடி சதுரம் வெட்டி, துடைத்துக் காயவைத்த சுவரில் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் மூடிவிடுங்கள். 2 நாள் கழித்துப் பாருங்கள். ஃபாயிலின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால், அறையின் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று அர்த்தம். இதற்கு மெஷின் உதவும். உரித்துப் பார்க்கும்போது சுவரை ஒட்டிய பக்கம் ஈரமாக இருந்தால் அது ஓதம். மாடி விரிசலோ, குழாய்க் கசிவோ, தரையிலிருந்து ஏறும் ஈரமோ காரணமாக இருக்கலாம். அதற்குக் கொத்தனாரையோ பிளம்பரையோதான் கூப்பிட வேண்டும். மெஷின் எவ்வளவு உறிஞ்சினாலும் சுவர் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

இவ்வளவு தண்ணீர் ஏது?

சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். அதுவே 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான். மிச்சம் எங்கே போகும்? அறையிலேயே அதிகம் குளிர்ந்திருக்கும் கண்ணாடியிலும், காற்று புகாத பீரோ முதுகிலும் நீராகப் படியும்.

அந்த ஆவியைக் கொடுப்பது நாம்தான். கதவைச் சாத்திக்கொண்டு 2 பேர் தூங்கினால், மூச்சிலும் தோலிலுமாகச் சுமார் அரை லிட்டர் நீர் இரவில் காற்றில் கலக்கும். துவைத்த துணிகளை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால், ஒரு முறைக்கு 2 லிட்டர்கூடப் போகும். சமையல் கேஸ் 1 கிலோ எரியும்போது ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது, ஒரு முழு வாட்டர் கேன் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் வந்திருக்கும். குழம்பு கொதிக்கும் ஆவி தனிக் கணக்கு.

சின்ன மெஷின் எவ்வளவு செய்யும்?

கைக்கு அடக்கமாக, சத்தமில்லாமல் ஓடும் மெஷின்கள் பெரும்பாலும் ‘பெல்டியர்’ வகை. ஒரு சின்னத் தகடு குளிரும்; அதில் ஈரம் படிந்து தொட்டியில் சொட்டும். பெட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லி, 500 மில்லி என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு வழக்கமாக 30 டிகிரி வெப்பம், 80 சதவிகித ஈரப்பதத்தில் சோதித்தது. 15 டிகிரி குளிரில் அதைவிட மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். அலமாரி, ஷூ ரேக், பட்டுப்புடவை வைத்த பீரோ இவற்றுக்கு அது சரி. 2 பேர் தூங்கும் படுக்கையறைக்குப் போதாது.

அறைக்கென்றால் கம்ப்ரஸர் உள்ள, ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று போட்டிருக்கும் மெஷினைப் பாருங்கள். ஊட்டி, கோத்தகிரி மாதிரி கடுங்குளிர் ஊர்களில் கம்ப்ரஸரும் சோர்ந்துபோகும். அங்கே ‘டெசிகன்ட்’ வகை மேல்; மின்சாரம் கூடுதலாக இழுக்கும், ஆனால் லேசான வெதுவெதுப்பும் தரும். 200 வாட் மெஷின் தினமும் 6 மணி நேரம் ஓடினால், 2 மாதக் கணக்கில் 72 யூனிட். ஸ்லாப் மாறுமா என்று பழைய பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானியும் வாங்குங்கள். 50 முதல் 60 சதவிகிதத்தில் நின்றால் போதும். அதற்கு மிகவும் கீழே இறக்கினால் தொண்டை வறளும், மர சாமான்கள் சுருங்கி விரிசல் விடும். மெஷின் ஓடும்போது அந்த அறையின் கதவு, ஜன்னல் மூடியிருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, வீடு துடைக்கலாம். தொட்டியையும் ஃபில்டரையும் வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

செலவில்லாத வேலைகள்

பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளிப் போடுங்கள். சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள், எக்சாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். குளித்து முடித்ததும் பாத்ரூம் கதவைச் சாத்திவிடுங்கள். காலையில் கண்ணாடியைத் துடைத்து, அந்தத் துணியை வெளியே பிழியுங்கள்.

மலையில் இன்னொன்று. பனிமூட்டமாக இருக்கிறதே என்று நாள் முழுக்க ஜன்னலைத் திறக்காமல் இருக்காதீர்கள். வெளியே 14 டிகிரியில் நனைந்த மாதிரி இருக்கும் காற்றும், 20 டிகிரி உள்ள அறைக்குள் வந்து சூடேறினால் ஈரப்பதம் 70 சதவிகிதமாகிவிடும். வெளியைவிட வீடு வெதுவெதுப்பாக இருக்கும்போது, காலை, மாலை 10 நிமிடம் திறந்து வைத்தால் உள்ளே தேங்கிய ஆவி வெளியேறும்.

சென்னையில் இது எடுபடாது. அங்கே மழைக்கால வெளிக்காற்றே ஈரச் சுமைதான். ஜன்னலைத் திறந்துவைத்து மெஷினைப் போட்டால் தெருவையே உலர்த்தப் பார்ப்பதுபோல ஆகிவிடும். ஏ.சி. இருக்கிற வீடுகளில் முதலில் ‘ட்ரை மோட்’ போட்டுப் பாருங்கள். தனி மெஷினே தேவைப்படாமல் போகலாம்.

முக்கியமான ஒன்று. ஈரத்தைப் போக்கவோ, குளிருக்காகவோ, மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கேள்வி கேட்ட வாசகிக்கு: குழந்தையை இன்றிரவே வேறு அறையில் படுக்க வையுங்கள். பூஞ்சையைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூளாகப் பறக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அறை மாற்றிய பிறகும் இருமல் தொடர்ந்தால், மெஷினுக்கு ஆர்டர் போடும் முன் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.