ஆவியாகாத கரைப்பான்: லாபமும் எச்சரிக்கையும்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க்கு மதிப்பே அதன் மணம்தான். அந்த மணத்துக்குக் காரணமான முக்கியப் பொருள்களில் ஒன்று டெர்பினைல் அசிடேட். இதை ஏலத் தோட்டத்திலிருந்துதான் பெற வேண்டும் என்பதில்லை. டர்பன்டைன் எண்ணெயை மூலமாகக் கொண்டு ரசாயனத் தொழிற்சாலைகளிலும் செய்கிறார்கள்; சோப்புகளில் சேர்க்கிறார்கள்.

மருந்து, வாசனைப் பொருள், சாயம் முதலியவற்றைத் தயாரிக்கும்போது, பெரும்பாலும் மூலப்பொருள்களை ஒரு திரவத்தில் கரைத்தே ஒன்றுசேர்க்கிறார்கள். இதுவே கரைப்பான். டொலுவீன், டைகுளோரோமீத்தேன் போன்றவை வழக்கமான கரைப்பான்கள். வேலை முடிந்ததும் இவற்றைக் காய்ச்சி வடித்து மீட்டாலும், ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடுகிறது. முதலாளிக்கு அது நஷ்டம். அதைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கோ ஆரோக்கியக் கேடு.

உப்பே கரைப்பானாகிறது!

சமையல் உப்பு உருக 801 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். ஆனால் 12 டிகிரியிலேயே உருகும் ஓர் உப்பைப் பற்றி 1914-ல் பால் வால்டன் என்ற ரசாயன நிபுணர் எழுதினார். இவ்வாறு 100 டிகிரிக்குள் உருகிவிடும் உப்புகளுக்கு அயனித் திரவங்கள் என்று பெயர். இவை எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே, விளைந்த பொருளைப் பிரித்தெடுத்துவிட்டு, அதே திரவத்தை மறுபடியும் உபயோகிக்கலாம்.

இதே தத்துவத்தை ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி 2002-ல் வேறொரு விதத்தில் கையாண்டது. ஒரு ரசாயனத் தயாரிப்பில் உண்டாகும் அமிலத்தை அகற்றும்போது, முன்பெல்லாம் கெட்டிக் குழம்பாக உப்பு சேர்ந்து தொல்லை கொடுத்தது. புதிய முறையில், அமிலம் சுமார் 75 டிகிரியில் உருகும் உப்பாகி, எண்ணெயும் தண்ணீரும் போலத் தனியே பிரிந்தது. அதில் காரம் சேர்த்து மூலப்பொருளை மீட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆவியாகாதது எல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. அயனித் திரவங்களில் பல நீரில் கரைபவை. சில, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும். எளிதில் மட்குவதும் இல்லை. விலையும் அதிகம் என்பதால், பல முறை உபயோகித்தால்தான் கட்டுபடியாகும். விளைந்த பொருளைப் பிரித்தெடுக்க மீண்டும் பழைய கரைப்பானையே நாடினால், கிடைத்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும்.

1895-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரைக் கொண்டே கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது. இத்தகைய இடத்தில் நாளை எந்த ரசாயனத் தொழில் தொடங்கப்பட்டாலும், மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்க வேண்டும். கரைப்பான் எத்தனை தடவை உபயோகமாகிறது? விளைபொருளை எதைக் கொண்டு பிரிக்கிறார்கள்? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? இவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைத்த பிறகே அனுமதி அளிப்பது நலம்.